வேலில் வந்த உத்தரவு

படுக்கையறையில் ஏர்கோன் மாட்ட வந்த கவிநேசன், அங்கிருந்த சாமி மேடையில் நின்ற வேலின் நெற்றியில் டெஸ்ட் பென்னின் முனையை வைத்ததைப் பார்த்ததும் திலகவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குளித்தானோ இல்லையோ, வாயில் எதையோ மென்றுகொண்டு, சந்தனம் வைத்த இடத்திலேயே கொண்டுபோய்க் குத்துகிறான். இரும்புக் கடைக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

"ஏம்பா, சாமியில போயா இத வைக்கிற? கைய எடு முதல்ல."

அவன் கையை எடுக்கவில்லை. "கோவப்படாதீங்க ஆன்ட்டி. இங்க பாருங்க" என்றான். பேனாவின் பிடிக்குள்ளே மெல்லியதாக ஓர் ஆரஞ்சு வெளிச்சம். முனையை எடுத்தான், வெளிச்சம் போனது. வைத்தான், வந்தது. "வேலுல கரண்ட் இருக்கு."

"இருக்கும். அது எனக்கு எப்பவோ தெரியும்."

கவிநேசன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். முப்பது வயதுக்காரன். ரெம்பியா வட்டாரத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்து பல மாதிரி ஆட்களைப் பார்த்தவன். தெரிந்தே சும்மா இருந்ததாகச் சொல்லும் பொம்பளையை அவன் இப்போதுதான் பார்க்கிறான். "தெரிஞ்சும் தொட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டான். திலகவதிக்கு அந்தக் கேள்வியே பிடிபடவில்லை. தெரிந்ததால்தானே தொட்டாள்.

போன தீபாவளிக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை அது. தலைக்குக் குளித்து, கட்டிய கைலி சொட்டச் சொட்ட, வழக்கம்போல வேலுக்குப் பால் ஊற்றிக் கழுவிவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். புருஷன் முனியாண்டிக்கு நெஞ்சில் அடைப்பு, ஆப்பரேஷன் செய்துகொள் என்று மலாக்காவில் டாக்டர் சொல்லியிருந்த நேரம். அவரோ முடியாது என்று அடம்பிடித்தார். செய்யலாமா முருகா என்று மனசுக்குள் கேட்டதுதான் தாமதம், உள்ளங்கையில் விறுவிறுவென்று ஏதோ ஏறி முழங்கைவரை ஓடியது. அவள் அழுதுவிட்டாள். ஐம்பத்தைந்து வயதுவரை யாரும் அவள் கேட்டதற்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை. முருகனே சொல்லிவிட்டான் என்று ஒற்றைக்காலில் நின்று புருஷனை ஒப்புக்கொள்ள வைத்தாள். மனுஷன் பிழைத்து வந்து இன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அதற்கப்புறம் எது என்றாலும் வேலிடம்தான். பள்ளிக்கூடக் கேன்டீன் வேலையை விடலாமா என்று கேட்டாள். பழைய காரை விற்கலாமா என்று கேட்டாள். சில நாள் கை விறுவிறுத்தது, சில நாள் சும்மா கிடந்தது. விறுவிறுத்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

கவிநேசன் மேடையைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கத்தைப் பார்த்தான். நாக்கால் 'ட்ச்' கொட்டினான். சாமி படத்துக்கு மேலே இரவும் பகலும் எரியும் சின்னச் சிவப்பு பல்புக்கு, வாசல் மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர். நடுவில் ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப் சுற்றி, அது தொங்காமல் இருக்க டேப்பின் மேலேயே ஓர் ஆணி அடித்திருந்தது. அதைச் சுற்றி, வேல் ஊன்றியிருந்த பலகை பாலும் தண்ணீரும் குடித்துக் கறுத்து ஊறிப்போயிருந்தது. பிறகு அவன் வாசலோரம் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தான். இந்தத் தடவை 'ட்ச்' கொட்டவில்லை. உள்ளே ஓர் இடத்தை விரலால் காட்டினான்.

"கரண்ட் எங்கயாச்சும் கசிஞ்சா உடனே விழுறதுக்கு இதுல ஒரு சுவிட்ச் வச்சிருக்காங்க. உயிர காப்பாத்துற சாமான். இத யாரோ விட்டுட்டு நேரா ஒயர் இழுத்திருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான்" என்றார் முனியாண்டி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். குரலில் பெருமைகூட இருந்தது. முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், நடுரோட்டில் நின்ற லோரியை ஒரு துண்டுக் கம்பியை வைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தவர். வீட்டு ஒயர் அவருக்கு எம்மாத்திரம். "அந்த பல்பு போட்டதுலருந்து வெள்ளிக்கிழம ஆனா போதும், இவ பூசைய ஆரம்பிப்பா, வீடே இருட்டாயிரும். பிரிஜ்ல மீன் கெட்டுப்போச்சு. சாமி வெளக்கு அணையுது, அபசகுனம்னு இவ ஒரு பக்கம் அழுவா. அதான் அந்தச் சனியன தூக்கிட்டேன். அப்புறம் ஒரு நாளாச்சும் அணஞ்சிச்சா கேளு."

"அது உங்கள காப்பாத்தத்தான் அங்கிள் விழுந்திருக்கு."

 முனியாண்டி டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

கவிநேசன் திரும்பத் திலகவதியிடம் வந்தான். "எப்ப தொட்டாலும் அடிக்குமா?"

"எப்பவும் இல்ல. கேக்குறதப் பொறுத்து."

"கேக்குறதுல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. காலு ஈரமா தரையில இருந்தா அடிக்கும். காஞ்சிருந்தா லேசாத்தான் தெரியும், இல்லன்னா தெரியாது. இந்த மாதிரி ரப்பர் மேல நின்னீங்கன்னா சுத்தமா ஒண்ணும் இருக்காதுலா." மேடைக்கு முன்னால் கிடந்த பச்சை ரப்பர் விரிப்பைக் காலால் தொட்டுக் காட்டினான். "இப்பதைக்குக் கொஞ்சமா கசியுது. அந்தப் பலகை இன்னும் ஊறட்டும், ஒருநாள் மொத்தமா வந்துரும். கைய எடுக்கணும்னு நெனைக்கக்கூட முடியாது."

சாவைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் திலகவதியின் காதில் நின்றது விரிப்பு மட்டும்தான். அறை வாசலில் அவள் மகள் ஷாந்தினி நின்றுகொண்டிருந்தாள். அவளும் விரிப்பைத்தான் பார்த்தாள். அம்மா ஈரக்காலோடு ஒருநாள் வழுக்கி விழுந்ததால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அதை வாங்கிப் போட்டவளே அவள்தான்.

ஷாந்தினி விரும்பிய பாலேந்திரனுக்காகப் பெண் கேட்டு அவன் அம்மா சந்திராதேவி வந்து போனது, விரிப்பு வாங்கிச் சில வாரம் கழித்து. மலாக்காவில் மருந்தாளராக இருக்கிறான், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டில் எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். சந்திராதேவி பழக்கூடையோடு வந்து, தையல் விட்ட சோபாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கொடுத்த தேநீரை முழுசாகக் குடித்தார். குறை சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் திலகவதியைப் படுத்தி எடுத்தது. எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். ரப்பர் பால்வாளி தூக்கிய கையால் நாளைக்கு அந்த வீட்டு மேசையில் எப்படிச் சாப்பிடுவது, மகளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு அன்றைக்கே பயமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலிடம் கேட்டாள். கை சும்மா கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. "உத்தரவு வரலடி" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அப்பாவைக் காப்பாற்றிய வேல் என்பதால் ஷாந்தினி எதிர்த்துப் பேசவில்லை. சரிம்மா என்றாள். அதற்கப்புறம் வீட்டில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கவில்லை. அவன் வீட்டில் இப்போது வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

திலகவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  அன்றைக்கு 'வேண்டாம்' என்றது விரிப்பு என்றால், ஆப்பரேஷனுக்குச் 'சரி' என்றது ஆணியா? ஆணி சொல்லியா இந்த மனுஷன் பிழைத்தார்? இல்லை, முருகன்தான் ஆணி வழியாக வந்தானா? வருகிறவன் விரிப்பைத் தாண்டி வரமாட்டானா? ஒன்றை நம்பினால் இன்னொன்று இடித்தது. எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் அவளைப் போட்டுப் பிசைந்தது. சாமிக்கு முன்னால் ரப்பர் எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் அந்த விரிப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நிற்பாள். அன்றைக்கு மட்டும் தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை? அவசரமா, முழங்கால் வலியா? விரிப்பில் நின்றால் கை பேசாது என்று அவளுக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் கை பேசாதபோது நெஞ்சில் ஒரு நிம்மதி வந்ததே, அதுவும் நிஜம்தானே. அந்த நிம்மதியை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வேலை செய்யக் கவிநேசன் மெயினை அடைத்தான். காற்றாடி மெல்ல மெல்ல நின்றது, டிவி வாயை மூடிக்கொண்டது. முனியாண்டி எழுந்து மெயின் பெட்டிப் பக்கம் போனார். ஷாந்தினி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மா. அன்னிக்கு அந்த ரப்பர் மேட் மேலயா நின்னீங்க?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யார் பார்த்தார்கள். திலகவதி வாயைத் திறந்தாள். "ஆமாடி" என்றுதான் வந்தது.

"தெரிஞ்சா நின்னீங்க?"

"தெரியல. எனக்கே தெரியல ஷாந்தினி."

மகள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. எழுந்துபோய், கரண்ட் இல்லாத வேலின் மேல் கையை வைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, எடுத்தாள். "வேலு சொன்னது போகட்டும். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

 இந்தக் கேள்வியைத் திலகவதியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சின்ன வயதில் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி சொன்னார், அப்பா சொன்னார், அப்புறம் புருஷன் சொன்னார், கடைசியாக வேல் சொன்னது. அவள் சொல்ல என்ன இருக்கிறது என்று உள்ளே தேடிப் பார்த்தாள். சரி என்ற சொல்லும் கிடைக்கவில்லை, வேண்டாம் என்ற சொல்லும் கிடைக்கவில்லை. பயம்தான் கிடைத்தது. மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க வீட்டுல இடியாப்பத்துக்கு என்ன ஊத்திக்குவாங்க?" என்று கேட்டாள் கடைசியில்.

ஷாந்தினிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "சொதி" என்றாள்.

"அது எப்படி வைக்கிறது?"

"தேங்காப் பால்லதான்னு பாலா சொன்னாரு. எனக்கும் சரியா தெரியாதும்மா."

வெளியே மெயின் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. காற்றாடி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. மேடையில் சிவப்பு பல்பு எரியவில்லை, அதன் ஒயரைக் கவிநேசன் வெட்டியெடுத்திருந்தான். திலகவதி எழுந்து, பூசைக்கென்று வாங்கி மேடைக்குக் கீழே வைத்திருந்த தேங்காயைக் கையில் எடுத்தாள். அதை இங்கே சாமி முன்னால் உடைப்பதா, அடுப்படிக்குக் கொண்டுபோவதா என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் அறை வாசற்படியில் நின்றாள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது.