மஞ்சளாகிப்போன கிண்ணம்

வீட்டில் ஒரே சமையலறை போதாதென்று, ஆய்வகத்திலும் செல்களைக் கதகதப்பில் வளர்க்கும் ஒரே இன்குபேட்டரைப் பங்குபோட்டுக்கொள்ளும் அண்ணியும் நாத்தனாரும் வேறெங்காவது உண்டோ என்னவோ. இங்கே உண்டு. மேல் அடுக்கு அண்ணிக்கு, கீழ் அடுக்கு நாத்தனாருக்கு.

வெள்ளையணுக்களைப் புற்றுச் செல்களோடு ஒரே கிண்ணத்தில் விட்டு அடிதடியைப் பார்ப்பதுதான் அண்ணியின் வேலை. தனியாக இருக்கும்போது அவை சூரப்புலிகள். புற்றோடு சேர்த்தாலோ, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாய்ந்துவிடும்.

"உங்க செல்லே சோம்பேறி" என்றார் பேராசிரியர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் இந்த வேலை உங்க நாத்தனாருக்கு."

"பாவம் அண்ணி, உங்க ஆளுங்களுக்குத் தூக்கம் பத்தலை போல" என்றாள் நாத்தனார், கையுறையை மாட்டியபடி. வாய் சும்மா இருக்குமா?

அண்ணிக்கு ரோஷம். வாடிய பிள்ளைகளுக்கு ஊட்டுவதாக நினைத்து, யாருக்கும் தெரியாமல் குளுக்கோஸை ஊற்றினாள். மறுநாள் பார்த்தால், கொழுத்திருந்தது புற்று! இளஞ்சிவப்பாக இருந்த சத்துநீர் மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் என்றால் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பந்திக்கு முந்துகிறவன் புற்று. சர்க்கரையை எல்லாம் விழுங்கிவிட்டு அமிலத்தைத் துப்புகிறான். வெள்ளையணு பட்டினியோடு அந்தப் புளிப்பிலும் கிடந்தால் எப்படிச் சண்டை போடும்?

சந்தேகம் சரியா என்று பார்க்க, அந்த மஞ்சள் நீரைப் புற்று ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் அமிலத்தை முறித்துச் சர்க்கரையும் சேர்த்தாள். மறுபாதியை அப்படியே விட்டாள். இரண்டிலும் துடிப்பான வெள்ளையணுக்களை விட்டாள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். அப்படியே விட்ட நீரில் எல்லாம் சுருண்டு படுத்திருந்தன. திருத்திய நீரிலோ பெருகிக் கும்மாளமிட்டன.

"சோம்பேறி இல்ல சார். இருக்கிற இடம் அப்படி."

அவர் நிமிரவே நேரமாயிற்று. "அவசரப்பட்டுட்டேன். நீங்களே தொடருங்க."

அவர் போனதும் நாத்தனார் நைசாக வந்தாள்.

"அண்ணி, அந்தத் திருத்தின தண்ணி மிச்சம் இருக்கா?"

கீழ் அடுக்கில், டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தன் செல் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். பளிச்சென்று மஞ்சள்.

"ஏண்டி, எப்பலருந்து இப்படி?"

"உங்களைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடியிலருந்தே."

அண்ணி சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அன்று வீட்டில் பாத்திரம் யார் கழுவினார்கள் என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா?