குதிமேடையில் நின்றவள்

கணினியில் இருக்கும் படங்களை பிலிமில் ஏற்றிக் கொடுப்பது அவள் தொழில். எந்திரத்துக்குள் ஒரு சின்னத் திரை. அதில் வரும் ஒவ்வொரு படத்தையும் உள்ளேயே இருக்கும் கேமரா பிலிமில் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவி, காயவைத்து, டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். நாளைக்கு எந்த டிஸ்க் செத்தாலும் கவலையில்லை. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படம் தெரியும்.

ஒருநாள் காலை பல் டாக்டர் ஒருவர் முந்நூறு படங்களோடு வந்தார். ஒரு டிஸ்க் காலை வாரி, இரண்டு வருஷத்துப் படங்களைப் பறிகொடுத்தவர். கூடவே இருபத்துநாலு வயதில் அவருடைய இரட்டைப் பெண்கள், அச்சில் வார்த்த மாதிரி. ஐந்து நிமிஷம் முந்திக்கொண்டவள் மூத்தவள்.

"ஒவ்வொரு படத்துக்கும் கீழ யாருன்னு பேர் வரும் சார். பிலிம்ல ஏறிட்டா அப்புறம் திருத்த முடியாது. இப்பவே சரியா சொல்லிடுங்க."

அவர் பட்டியலோடுதான் வந்திருந்தார். மளமளவென்று பேர் போடும் வேலை நடந்தது, நீச்சல் குளத்துப் படம் வரும்வரை. உயரமான குதிமேடையின் விளிம்பில், கிராப்புத் தலையோடு ஆறு வயதுக் குழந்தை முதுகைக் காட்டி நிற்கிறது. கீழே துண்டைப் போர்த்திக்கொண்டு இன்னொன்று.

"மேல நிக்கிறது மூத்தவ," என்றார் டாக்டர். "இளையவதான் சரியான பயந்தாங்கொள்ளியாச்சே!"

"அது நான்," என்றாள் இளையவள். வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"ஆரம்பிச்சிட்டியா? குதிச்சதும் மூக்குல தண்ணி ஏறினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குடி," என்றாள் மூத்தவள்.

வேறு நாளாக இருந்தால் பிலிம் ஏற்றுபவள் பட்டியலில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கு என்னவோ குடைந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். நனைந்த தலையின் உச்சியில் சுழி தெளிவாகத் தெரிந்தது, இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் தலையைக் குனிங்களேன்."

இருவரும் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். முடியை விலக்கிப் பார்த்தாள். மூத்தவளுக்கு வலப்பக்கம் சுற்றியது. இளையவளுக்கு இடப்பக்கம், கண்ணாடியில் பார்த்த மாதிரி.

டாக்டரும் எட்டிப் பார்த்தார். "படத்தையே யாராவது இடவலமா திருப்பியிருந்தா?"

நியாயமான கேள்வி. குளத்துச் சுவரை நகர்த்திக் காட்டினாள். 'ஆழம்' என்ற எழுத்துகள் நேராகவே இருந்தன.

மூத்தவளின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் பொய் சொல்லலைப்பா. சத்தியமா மூக்குல தண்ணி ஏறினது ஞாபகம் இருக்கு."

"நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே அது நீதானோன்னு ஆயிடுச்சு," என்றாள் இளையவள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டு வருஷமா உன்னைப் போய்..." முடிக்காமல் இளையவள் தோளில் கை வைத்தார்.

மூத்தவள்தான் முதலில் தேறினாள். "பேரை மாத்திப் போடுங்க மேடம். கீழ நடுங்கிட்டு நிக்கிறது நான்னும் சேர்த்துப் போடுங்க."

"நடுங்குற மாதிரி தெரியலையே," என்றாள் பிலிம் ஏற்றுபவள்.

"முழங்காலைப் பாருங்க."

பெரிதாக்கினார்கள். ஒரு முழங்கால் இன்னொன்றோடு ஒட்டியிருந்தது. இளையவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த மூத்தவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

அந்தப் படம் அன்றே ஏறியது. மற்றவை ஏறவில்லை. டாக்டர் பட்டியலைக் கேட்டு வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேள்விக்குறி போட ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டியும் கை நிற்கவில்லை.

"அடுத்த வாரம் வரட்டுமா?"

"வாங்க சார். அதுக்குள்ள உச்சந்தலை தெரியற படத்தையெல்லாம் நான் தேடி வைக்கிறேன்," என்றாள் அவள். அவர்கள் படியிறங்குவதற்குள்ளேயே தேட உட்கார்ந்துவிட்டாள்.