அண்ணன் வீட்டுக் கூரையில் ட்ரோன்

தடால்!

பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் ஏதோ விழுந்த சத்தம். மாடியில் நின்ற மூன்று பேருக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஃபேன் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக், பிளாஸ்டிக் ஸ்கேல்களையும் சின்னச் சின்ன மோட்டார்களையும் ஒட்டி, தூக்கம் கெட்டுச் செய்த ட்ரோன்.

"நல்லாத்தானே போச்சு," என்றார் மெக்கானிக், கையிலிருந்த போனை முறைத்தபடி. அந்தப் போன்தான் ரிமோட். ட்ரோனிலிருந்து வரும் வைஃபையைப் போன் பிடித்துக்கொண்டால், விரல் போகிற பக்கம் அது பறக்கும்.

எதிரே போட்டோகிராபர் உதட்டைப் பிதுக்கினார். விசேஷ வீடுகளில் மேலிருந்து படம் எடுக்க அவருக்கு ஆள் வேண்டும். "ஒரு ரவுண்டு சுத்தி, கிளம்பின இடத்துல இறங்கணும். இறங்கிட்டா இந்த சீசன் பூரா நீங்கதான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

விழுந்த இடம்தான் வில்லங்கம். அது மெக்கானிக்கின் அண்ணன் வீடு. தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று மெக்கானிக்கின் மனைவிக்கும் அண்ணிக்கும் வாய்த்தகராறு முற்றி, இரண்டு வீட்டுக்கும் பேச்சே அறுந்துபோயிருந்தது. 'அந்த வாசப்படிய மிதிச்சவங்க இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது' என்பது, இப்போது மாடியில் கூடவே நின்ற மனைவி போட்ட சட்டம்.

"வேற வழியில்ல, போய்த்தான் ஆகணும்," என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார் மெக்கானிக். ட்ரோனோடு திரும்பியபோது, அண்ணன் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு கேட் வரை வந்து வழியனுப்பியது. மனைவி மாடியிலிருந்து பார்த்தாள்.

வளைந்த இறக்கையை நிமிர்த்தி மறுபடி கிளப்பினார். ட்ரோன் ஜம்மென்று எழும்பியது. அது கண்ணுக்கு மறையாமலிருக்க, அண்ணன் வீட்டுப் பக்கமிருந்த கைப்பிடிச் சுவர்வரை கூடவே நடந்தார்.

தடால். அதே கூரை.

இந்தத் தடவை அண்ணனே ஒரு கொம்பில் ட்ரோனை மாட்டிச் சுவருக்கு மேல் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நழுவினார்.

போட்டோகிராபர் போனை வாங்கிப் பார்த்தார். "ட்ரோன் வைஃபைல இன்டர்நெட் கிடையாதுல்ல. அதான் சுவர்கிட்ட வந்ததும், உங்க போன் அதை உதறிட்டுப் பழக்கமான வைஃபைக்குத் தாவிடுது."

"பழக்கமானதா?" என்றாள் மனைவி.

"ஆமாக்கா. ஏற்கெனவே பாஸ்வேர்டு போட்டு உள்ள போயிருந்தாத்தான் தானாத் தாவும்."

திரையில் அண்ணன் வீட்டு வைஃபையின் பெயர் பல்லை இளித்தது.

"எத்தனை நாளாங்க இந்தப் பழக்கம்?"

"மேட்ச் அன்னிக்கு மட்டும்தான்மா. அதுவும் பின்பக்கமாத்தான் போனேன். வாசப்படிய மிதிக்கவே இல்ல," என்று போனைத் திரும்ப வாங்கினார் மெக்கானிக். வாங்கிய வேகத்தில் போன் கை நழுவித் தரையில் விழுந்து, திரை இருண்டது.

போட்டோகிராபர் பையைத் தோளில் மாட்டினார். "கடைசியா ஒரு தடவை பாக்கலாம். வேற போன் இருக்கா?"

"இவ போன்லயும் அந்த ஆப்பைப் போட்டு வெச்சிருக்கேன்," என்று மெக்கானிக் கையை நீட்டினார். "கோபத்தை அப்புறம் வெச்சுக்கம்மா. பொழப்பு போயிடும், குடேன்."

மனைவி போனை நீட்டினாள். பாதி வழியில் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இருங்க... என் போன்லயும் அந்த வைஃபையை அழிச்சுட்டுத் தர்றேன்."