கட்டுங்க என்றால் கட்

சென்னகேசவன் என்று பேரிலேயே முக்கால் சென்னையை வைத்திருந்தும், சென்னை என்னைச் சீண்டவில்லை. காமெடி எழுதினேன், என் வரிகளைப் பேசிய நடிகர்கள் அவை அந்த நொடியில் தங்களுக்குத் தோன்றியவை என்று பேட்டி கொடுத்தார்கள். நடித்தேன், பதினொரு படத்தில் ஒன்பதில் அறை வாங்குகிற வேடம். மீதி இரண்டில் அறை வாங்கிய காட்சியையே வெட்டிவிட்டார்கள். கடைசியில் கோயமுத்தூருக்கே திரும்பி டைரக்டர் ஆனேன். முதல் படம் காந்திபுரத்தில் மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் நான் ஓடினேன்.

இது இரண்டாவது படம். மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி தனபாலண்ணன், நான் ஊர்க்காரன் என்ற ஒரே பாவத்துக்காகத் தயாரிப்பாளர் ஆகியிருந்தார். இதுவும் ஊற்றிக்கொண்டால் இனி எவரும் என்னை நம்பிக் காமிராவைத் தர மாட்டார்கள். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நான் எழுதிய வசனத்துக்கு ஒரு தியேட்டரே சிரிப்பதை, என் பேர் போட்ட படத்தில், ஒருமுறையாவது காதால் கேட்க வேண்டும்.

என்னிடம் ஒரு குறை. 'ங்க' போடாமல் யாரையும் ஏவ எனக்கு வாய் வராது. நாய் குறுக்கே வந்தாலும் 'போங்க' என்பேன். செட்டில் 'ஆக்சனுங்க' என்றுதான் ஆரம்பிப்பேன். நிறுத்தும்போது வெறும் 'கட்' என்றால் எதிரில் இருப்பவரை அறைந்த மாதிரி இருக்கும், அதனால் 'கட்டுங்க'. யூனிட் முழுக்க நம்மூர் ஆட்கள் என்பதால் அதுவரை யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கிளைமாக்ஸ் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் வரைதான் எங்களுக்கு. அதற்குப் பிறகு நிஜக் கல்யாணக்காரர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோகும்போது கதாநாயகி எழுந்து நின்று, வேண்டாம் என்று இரண்டு பக்கத்துக்கு வசனம் பேச வேண்டும். நாற்பது நாள் உட்கார்ந்து எழுதிய வசனம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரித்திகா உடுமலைப் பெண். மாப்பிள்ளையாக நடித்த கிருபா அன்று காலைதான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தார்.

தாலி கழுத்தருகே போயிற்று. ரித்திகா எழப் பார்த்தாள். பட்டுப்புடவை மணையின் ஆணியில் மாட்டிக்கொண்டது.

"கட்டுங்க" என்றேன்.

கிருபா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முடிச்சுப் போட்டார்.

பதறிப்போய் மறுபடியும் "கட்டுங்க" என்றேன். இரண்டாவது முடிச்சு விழுந்தது.

"ஏனுங்க, கட்டுங்கன்னா கட்டுங்க" என்று கத்தினேன்.

டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்து, மூன்றாவது முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். மேளக்காரர்கள் நிஜ மேளக்காரர்கள். தாலி ஏறினால் கெட்டிமேளம் கொட்டித்தான் பழக்கம். கொட்டினார்கள். கல்யாணக் கூட்டமாக நடிக்க வந்திருந்த உள்ளூர்ச் சனம் அட்சதை போட்டது. ரித்திகா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, கதைய மாத்திப்போட்டீங்களா?"

காமிராமேன் சிரித்த சிரிப்பில் காமிராவை நிறுத்த மறந்துவிட்டார். கழற்றிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றால், மண்டபத்தில் வைத்துத் தாலி கழற்றக் கூடாது என்று கூட்டத்துப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். அந்த வாக்குவாதம் முடிவதற்குள் நிஜப் பெண்வீட்டார் சீர்த்தட்டோடு வாசலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல், என் குரலோடு சேர்த்து அதையே படத்தின் முடிவாக வைத்தோம்.

முதல் நாள் காந்திபுரத்துத் தியேட்டரில் தனபாலண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம், நான் எழுதிய ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தர் இருமினார். அவ்வளவுதான். அப்புறம் கிளைமாக்ஸ் வந்தது. முதல் 'கட்டுங்க'வுக்குச் சிரிப்பு. இரண்டாவதற்குக் கைதட்டல். மூன்றாவதற்குச் சனம் எழுந்தே நின்றுவிட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது. நாற்பது நாள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அந்தச் சிரிப்பில் இல்லை.

வெளியே வந்ததும் தனபாலண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் தப்பித்துவிட்டது, அடுத்ததும் எனக்கே என்றார். கும்பிட்டேன். ஒரே ஒரு கண்டிசன் மட்டும் என்றார்.

"எதையும் எழுதாம வாங்க, தம்பி."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரிங்கண்ணா" என்றேன்.