நாற்பது கிளிப்பச்சைச் சேலைகள்

சித்தூர் மாங்கூழ் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. இருபது சேலை, எல்லாம் கிளிப்பச்சை. நகரியில் எனக்கு நான்கு விசைத்தறி. என் மனைவி தேவசேனா இறந்த பிறகு நான் எந்த நிறத்தையும் கவனித்ததில்லை. கம்பெனியின் பெயரைக் கவனித்தேன். மினதிக்கு போன் செய்தேன்.

மினதி ஒடிசாக்காரி, தேவசேனா தங்கையாகப் பார்த்துக்கொண்டவள். பதினாறு வயதில் அந்தக் கம்பெனிக்கு வந்தவள். மூன்று சீசன் கேட்டைத் தாண்ட விடவில்லை. சீசன் முடிந்ததும் ஒரு நாள் மட்டும் முதலாளி எல்லோரையும் திருமலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடிப்பார். ஓடினால் மொட்டைத் தலை காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார். மலையில் பாதிப் பேர் மொட்டை என்பது அவருக்குத் தோன்றவில்லை. மினதி கூட்டத்தோடு கலந்து இறங்கிவிட்டாள். இப்போது திருப்பதியில் நிருபர். அடைபட்டவர்களுக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறாள்.

"மொட்டை போதாதுன்னு இந்த வாட்டி ஒரே நிறச் சேலையா? அந்தாளுக்கு புத்தி வந்துடுச்சுண்ணா," என்று சிரித்தாள். "இன்னும் இருவது நெய்யி."

அதிகாரிகள் சோதனைக்குப் போனால் பெண்களைப் பின்கேட் வழியாக மறைத்துவிடுவார்கள். அவர்கள் வெளியே வருவது மலைக்குப் போகும் அந்த ஒரு நாள்தான். மாங்கொட்டை ஏற்ற வரும் லாரிக்காரர் உள்ளே சேதி சொன்னார்.

என் தறியில் வேலை செய்யும் ருக்மணியக்காதான் மொட்டைக்கு முதலில் ஒப்புக்கொண்டார். "எனக்கு ரெண்டு வருசமா வேண்டுதல் நிக்குது தம்பி. சேல ஓசிதானே?" இன்னும் பத்தொன்பது பேரைச் சேர்த்தார். தேவசேனா இருந்திருந்தால் அவள்தான் முதல் மொட்டை.

வெள்ளிக்கிழமை, மலையில், மொட்டையடித்த பிறகு குளிக்கும் இடத்தில், கம்பெனிப் பெண்கள் வேறு சேலைக்கு மாறினார்கள். வெளியே மேஸ்திரி ஹரிபாபு நின்றான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். முகம் தெரியாது, பச்சை தெரியும். இருபது பச்சையை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

அந்த இருபதும் நகரிப் பெண்கள்.

மற்ற இருபது பேர் என் டெம்போவில் ஏறினார்கள். மலையடிவாரத்து அலிபிரி தாண்டியதும் ஒருத்தி பக்கத்துத் தலையைத் தடவினாள். அவ்வளவுதான், வண்டி முழுக்கச் சிரிப்பு.

சப்-கலெக்டர் அலுவலகத்தில் மினதி காத்திருந்தாள். பத்தொன்பது பெயர் எழுதி முடித்தபோது வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. எழுந்து வாசலை மறித்தேன். ருக்மணியக்கா முதலில் இறங்கினார்.

"பாதி வழியிலதான் கண்டுபுட்ச்சான். 'ஏம்மா, தமிழ் பேசுறீங்களே'ன்றான். யோவ், நகரிக்காரி வேற இன்னா பேசுவா? மொதலாளிக்கு போன் போடுன்னேன். அழுவுறான். வண்டிய இங்க திருப்பச் சொல்லிட்டேன்."

ஹரிபாபு தலை குனிந்து நின்றான். "போன் எங்கம்மா இருக்குது? சேந்த அன்னிக்கே புடுங்கிக்கினாங்க. நானும் உள்ளதான் படுக்குறேன், வெளியே பூட்டிக்கினு போறாங்க."

மினதி அவனையே பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சார், இருவது இல்ல. இருவத்தொண்ணு."

சாயங்காலம் இருபத்தொரு கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. ஹரிபாபு தன்னுடையதை மூன்று முறை படித்தான்.

"துன்னியா தம்பி?" ருக்மணியக்கா என்னிடம் தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டினார். "சேல நல்லா வந்துக்குது, பாரு."

பார்த்தேன். நல்ல பச்சை.