ஒரு சொல்லும் என்னுடையதில்லை

ராஜாக்கள் பட்டியல் என்றாலே நவமணி டீச்சருக்கு எரிச்சல். "ரோமாபுரியை யார் யார் ஆண்டான்னு ஒப்பிச்சு என்ன பிரயோசனம்? அங்க வயல்ல உழைச்சவன் என்ன தின்னான், அதைக் கேளுங்க!" என்பாள். முப்பத்திரண்டாம் வருஷத்துப் பினாங்கில், அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், சரித்திரத்தை அப்படி நடத்திய ஆள் அவள் ஒருத்திதான்.

ரோமாபுரிப் பண்ணையில் அடிமை நோயில் படுத்தால் சாப்பாட்டைக் குறைப்பார்களாம் என்று ஒருநாள் சொன்னாள். லெட்சுமி எழுந்து நின்றாள். பத்து காவான் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்.

"எங்க தோட்டத்துலயும் அதான் டீச்சர். அப்பா காய்ச்சல்ல கிடக்கிறாரு. வேலைக்கு வரலைன்னு கங்காணி பாதி அரிசிதான் கொடுக்கிறாரு."

"அப்படியா? நீ பார்த்ததை அப்படியே எழுது."

எழுதினாள் பாருங்கள், அடேயப்பா! ரோமாபுரிப் பண்ணையும் தன் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில். அங்கே அடிமைகளை விரட்டியவனுக்கும் கங்காணி என்றே பேர் வைத்திருந்தாள். நவமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டரிடம் தாளை நீட்டிவிட்டாள். தன் புது முறை என்ன சாதிக்கும் என்று அவரும் பார்க்கட்டுமே! அவரோ அதை வெள்ளைக்காரர் கிளப்பில் தோட்டத்துத் துரையிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். துரை சிரிக்கவில்லை.

மறுவாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியும் உட்கார்ந்திருந்தார்.

"இதை நீங்கள்தானே சொல்லி எழுத வைத்தீர்கள்?" தலைமையாசிரியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பாழாய்ப்போன பெருமை விடுமா?

"ஐயோ, இல்லை மேடம்! ஒரு சொல்லும் என்னுடையதில்லை. அவளே யோசிச்சு எழுதினது."

கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப சரி. பொண்ணே எழுதினதுன்னா அந்தக் குடும்பத்தை லயத்து வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி துரை உத்தரவு."

நவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். "நான்தான் ஐயா எழுத வச்சேன்! என் பேரைச் சொல்லுங்க!"

"உங்களுக்கென்ன ரெண்டு வாயா டீச்சர்?" என்று ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார் மனுஷன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்தி குடும்பம். மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில் காய்ச்சல்காரனை லயத்திலிருந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விடுதியிலிருந்து ஓடிப்போயிருந்த லெட்சுமி பக்கத்தில் இருக்க, மாட்டுவண்டியிலேயே உயிர் போய்விட்டது.

பெட்டியை எடுத்துப்போக லெட்சுமி விடுதிக்கு வந்தாள். நவமணி அவள் முன்னால் போய் நின்றாள். திட்டமாட்டாளா, காறித் துப்பமாட்டாளா என்றிருந்தது அவளுக்கு.

"நானே எழுதினேன்னு நீங்க அடிச்சுச் சொன்னீங்களாமே டீச்சர், கிராணி சொன்னாரு," என்றாள் லெட்சுமி. "வண்டியில அப்பாகிட்ட சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். டீச்சருக்கு மறக்காம நன்றி சொல்லுன்னாரு."