கம்பியில் படாத அடி

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, உள்ளறைக் கட்டிலில் பொணம். பொணம் என்னோடு பார்சல் கிடங்கில் ராத்திரி வேலை பார்ப்பவன்; பகலில் அவன் கிடக்கிற கிடையைப் பார்த்து வைத்த பெயர். கதவு தட்டப்பட்ட பிறகு, அத்தானும்.

அத்தான் மைக்செட்காரர். மேடைகளுக்குப் பெட்டி அடுக்கி ஒலியைச் சரிபார்ப்பது அவர் தொழில். ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் எந்த ஒயர் இரைகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அக்கா அவரை விட்டு ஓடிவந்து என் வீட்டில் ஒரு வாரமாக ஒளிந்திருந்தாள். அன்று இருட்டியதும் அவளுக்கு பஸ். வேறு ஊர், பெண்கள் விடுதி, துணிக்கடையில் வேலை. அவர் கண்ணில் படாமல் அவள் பஸ் ஏற வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

அக்காவின் இடது மோதிர விரல் மடங்காது. அதைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தியது யார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அதோடு அவள் கிடார் வாசிப்பது போயிற்று. ஆனால் வலது கை அப்படியே இருந்தது. அந்த ஒரு வாரமும், வெளியே போக முடியாத எரிச்சலை எல்லாம் சேர்த்து, எனக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தாள்.

"ஏன்டா நிறுத்துற?"

"விரல் மாத்த வேண்டாமா?"

"இடது கை என்ன கூத்து வேணா அடிக்கட்டும். வலது கை நிக்கக்கூடாது. கிடங்குல பார்சல் ஓடுற பெல்ட்டு உனக்காக நிக்குமா?"

"நிக்காது. சூப்பர்வைசர்தான் வந்து நிப்பான்."

"அப்ப என்னையே அந்தச் சூப்பர்வைசர்னு நெனச்சுக்கோ. அடி."

கீழே, கீழே மேலே, மேலே கீழே மேலே. இதுதான் பாடம். நடுவில் ஓர் இடத்தில் கை கீழே இறங்கும், கம்பியில் படாது. சத்தமே இல்லாத அடி. சத்தம் வராத வேலையை எதற்குச் செய்ய வேண்டும் என்று என் கை ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றுவிடும். நின்றால் தாளம் நொண்டும். அக்கா அந்த வெற்று இடத்தில் உள்ளங்கையால் கம்பிகளை ஒரு தட்டுத் தட்டுவாள். டப். அது அவள் பழக்கம். நான் வாசிக்கும்போதுகூட அவளால் சும்மா இருக்க முடியாது. அந்த இடத்தில் என் கை நின்றதும் சுவரிலோ கட்டில் காலிலோ அவள் விரல் முட்டி விழும். டப். உள்ளே பொணம் புரண்டு படுத்துத் திட்டுவான்.

அன்று நான் பத்தாவது தடவையாகத் தடுமாறியதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "குடுடா இப்படி" என்று கிடாரைப் பிடுங்கினாள். ரெண்டே விரலில் பிடிக்கிற ஈ மைனர் கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். நன்றாக இருந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று.

கீழே, கீழே மேலே, டப்.

கீழே, கீழே மேலே, டப், டப்.

இரண்டாவது டப் கதவிலிருந்து வந்தது.

அக்கா கிடாரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். பின்வாசலுக்குப் போக அவளுக்கு நேரம் இல்லை. எங்கள் மாடிப்படி இரும்பு, பூனை ஏறினாலும் சொல்லிவிடும். வாசித்துக்கொண்டிருந்ததில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

"மச்சான், நான்தான். தொற."

திறந்தேன். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறையும் அதன் பின்கதவும் நேராகத் தெரியும்.

"வேலைக்குப் போகலயா?"

"ராத்திரிதான் அத்தான்."

"ஆமால்ல. படிப்ப விட்டவனுக்குப் பகலென்ன, ராத்திரியென்ன." சிரித்தார். "யாரு வாசிச்சது?"

"நான்தான்."

போனில் ஓடிய பாட்டு என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

"நீயா! எங்க கல்யாணத்துல எல்லாரும் கைதட்டுனப்ப ஒருத்தன் தட்டுறது மட்டும் தனியாக் கேட்டுச்சே, அந்த நீயா?"

"கத்துக்கிட்டேன் அத்தான்."

"சரி, வாசி. கேப்போம்."

கிடாரை எடுத்தேன். விரல்நுனி வியர்த்துக் கம்பியில் வழுக்கியது. எனக்கு மணிக்கட்டு மரத்துப்போனது. கட்டையைத் தூக்கி அடிப்பதுபோல அடித்தேன். கீழே. கீழே மேலே. வெற்று இடம் வந்தது. கை நின்றது.

உள்ளே இருந்து, மெல்ல: டப்.

அவள் வேண்டுமென்று தட்டவில்லை. அவள் விரல் அவளைக் கேட்காமலே தட்டிவிட்டது.

அத்தான் தலையைச் சாய்த்தார், மைக்கில் இரைச்சல் கேட்டதுபோல. "உள்ள யாரு?"

"கூட வேலை பாக்குறவன். தூங்குறான்."

"நீ நிறுத்தாத. வாசிச்சுக்கிட்டே இரு."

எழுந்து உள்ளறைப் பக்கம் நடந்தார். நான் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: நான் நின்றால் அவள் தட்டுவாள். என் கை அந்த வெற்று இடத்தைத் தாண்டிவிட்டால் அவள் விரலுக்கு வேலை இல்லை. கையைப் பார்க்காமல் அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். வெற்று இடம் வந்தது. கை காற்றில் இறங்கியது. நிற்கவில்லை. மேலே, கீழே, மேலே.

அவர் கதவைத் தள்ளினார். கதவு சுவர்வரை போகவில்லை. அதன் பின்னால்தான் அக்கா நின்றிருந்தாள். கதவின் விளிம்பில் அவர் விரல்கள் நாலும் தெரிந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பலகைக் கனத்தில், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கி வைத்திருந்தோம். மறுபடி வெற்று இடம். கை இறங்கியது. மறுபடி. அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த டப்புக்காகத்தான்.

"யார்யா அது, வெளிச்சத்த உள்ள விடுறது?" பொணத்தின் குரல். "டேய், இன்னும் நிறுத்தலயாடா நீ? சுவத்துல தட்டித் தட்டி என் கையே வீங்கிப்போச்சு. ஒரு மனுசன் தூங்க வேணாமா?"

"நான் இவன் அத்தான்" என்றார் அவர்.

"அப்ப நீங்களாவது அந்தச் சனியனப் பிடுங்கி ஒடைங்க. புண்ணியமாப் போகும்."

அத்தான் சிரிக்கவில்லை. கட்டிலையும் பொணத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவை விட்டார். வாசலுக்குப் போகிற வழியில் என் பக்கத்தில் குனிந்தார். அவர் சட்டையில் சூடான ஒயர் வாசனை அடித்தது.

"தேறிட்ட மச்சான். ஆனா படியில எனக்குக் கேட்டது இது இல்ல."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன். அப்புறம்தான் உறைத்தது: படி சத்தம் போடவில்லை. கதவின் அடியில், வெளிச்சம் வருகிற கீற்றில், இரண்டு ஷூக்களின் நிழல் அப்படியே நின்றது.

பழைய தாளம் திரும்ப வரட்டும் என்று நிற்கிறார். வராவிட்டால், நான் நிறுத்திய பிறகு பேசப்போகிற குரலுக்காக. நான் வாசிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பார். நிறுத்தினால் எந்தப் பக்கம் போவாரோ, தெரியாது. பின்பக்கமும் ஒரு படி உண்டு.

அடித்தேன். உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் செருப்பு. கதவடியில் இருந்த நிழலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைத்தான் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் வலது கையைக் காற்றில் ஒருமுறை கீழே இறக்கி மேலே ஏற்றிக் காட்டினாள். நிறுத்தாதே. சமையலறைக்குள் போனாள். பின்னால் பொணம் சாவியோடு, நுனிக்காலில் நடந்து போனான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவனால் அப்படி நடக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பின்கதவின் கீல் கத்தும். அந்தக் கத்தல் அமுங்கக் கம்பிகளை ஓங்கி அடித்தேன். அதே வேகத்தில் ஜி கார்டுக்கு மாற வேண்டிய இடம் வந்தது. விரல்கள் எங்கேயோ போய் எதையோ பிடித்தன. சுரம் சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை. வலது கை நிற்கவில்லை.

காற்று ஒரு வீச்சு உள்ளே வந்தது. உடனே நின்றது. கதவு சாத்தியாகிவிட்டது.

இனி சாவி. பூட்டிவிட்டால் அவர் மறுபடி உள்ளே வந்தாலும் அந்த வழியே அவள் பின்னால் இறங்க முடியாது. அந்தப் பூட்டு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றும் சுத்தியல் அடித்ததுபோல விழும். பொணம் சாவியைச் செருகிக்கொண்டு அங்கேயே நின்று என் கையைப் பார்த்தான். ஒரு வாரமாகத் தூக்கத்தில் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது.

கீழே. கீழே மேலே. டப்.

முன்கதவடியில் நிழல் அசையவில்லை; பொணம் மறுபடி சுவரில் தட்டுகிறான் என்று நினைத்திருப்பார்.

மேலே கீழே மேலே. கீழே. கீழே மேலே. டப்.

அக்காவுக்குப் பின்னால் கதவு பூட்டியாகிவிட்டது.